'ஈவ் டீசிங்': ஒரு வார்த்தையை ஒழிச்ச கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு. கொஞ்சம் சீரியஸ். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும்.

1996. கம்பத்துல இருந்து உத்தமபாளையம் போற டவுன் பஸ். உள்ளே இடம் இருந்தாலும் நாங்க படிக்கட்டுலதான் தொங்குவோம். அதான் கெத்து! காலேஜ் பொண்ணுங்களை இடிக்கிறது, சடையை இழுக்கிறது, பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுறது எல்லாத்துக்கும் நாங்க வெச்ச பேர் 'கலாட்டா'. பேப்பர்ல வந்தா 'ஈவ் டீசிங்'. நான் கையை நீட்டினதில்லை. ஆனா சிரிச்சிருக்கேன்.

எங்க தெருப் பொண்ணு ஒருத்தி. அவங்கம்மா விடியக்காலையில ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துல காய் எடுத்த காசுல படிச்சவ. ஒருநாள் எங்க செட்டுப் பையன் அவ தாவணியைப் பிடிச்சு இழுத்தான். கண்டக்டர் பார்த்தார், அடுத்த டிக்கெட்டைக் கிழிச்சார். அடுத்த வாரத்துல இருந்து அவ காலேஜுக்கு வரலை. வீட்டுல நிறுத்திட்டாங்க. 'இவ சிரிக்காமலா அவன் இழுத்தான்'னு தெருவுல பேச்சு வேற.

அவ அன்னைக்கு யார்கிட்ட போய்ச் சொல்லியிருக்க முடியும்? இந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வெச்சது.

கதை ராஜஸ்தான்ல ஆரம்பிக்குது. பன்வாரி தேவி அரசாங்கத்தோட பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்துல வேலை பார்த்த கிராமத்துப் பெண். 1992ல குழந்தைத் திருமணம் ஒண்ணைத் தடுக்கப் போனதுக்காகக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995ல கீழ்க்கோர்ட் குற்றவாளிகளை விடுதலை பண்ணிடுச்சு. அதோட முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. ஆனா 'விசாகா' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் வேற கேள்வியோட உச்சநீதிமன்றத்துக்குப் போனாங்க. வேலை செய்ற இடத்துல ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு தர வேண்டியது யார் பொறுப்பு? 13 ஆகஸ்ட் 1997ல தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் குழு வைக்கணும், தலைவர் பெண்ணா இருக்கணும், உறுப்பினர்கள்ல பாதிக்குக் குறையாம பெண்கள் இருக்கணும். 'நடத்தை சரியில்லாத ஒருத்தன் செஞ்சது' என்பது போய் 'நிறுவனத்தோட கடமை' ஆனது இங்கேதான். இதை வெச்சுத்தான் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துல 1999ல மாணவர் பிரதிநிதிகளோட ஒரு குழு வந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். 1998 ஜூலை, சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா. ஆட்டோவுல வந்த கும்பல் பண்ணின 'கலாட்டா'வுல கீழே விழுந்து, தலையில அடிபட்டு இறந்து போனாங்க. ஊரே கொதிச்சது. அந்த வருஷமே தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. பேர்? ஈவ் டீசிங் தடைச் சட்டம்! ஒரு சாவுக்குப் பிறகும் 'டீசிங்', அதாவது கேலி. பெண்கள் அமைப்புகள் இந்த வார்த்தையை ரொம்ப காலமா எதிர்த்துட்டு இருந்தாங்க. 2002ல சட்டத்தோட பேரே மாறி, 'கேலி' போய் 'துன்புறுத்தல்' வந்தது. வெறும் பேர்தானேன்னு தோணும். படிக்கட்டுல தொங்கினவன் சொல்றேன், பேர்தான் எல்லாம். கலாட்டான்னு சொன்னதாலதான் எங்களால சிரிக்க முடிஞ்சது.

அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ல ஒரு பெண் புகார் சொன்னா, வண்டியை நேரா பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடணும். டிரைவர், கண்டக்டர் கடமை அது. அந்த டிக்கெட் கிழிச்ச கண்டக்டர் ஞாபகம் வந்தார்.

சட்டம் இருந்தா போதுமா? 1999ல தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஒரு பெண்ணிடம் தவறா நடந்தது ஒரு போலீஸ்காரர்! கோர்ட்டுல சாட்சிகள் பல்டி, ஆள் விடுதலை. ஆனா துறை விசாரணையில வேலை போச்சு. 2012 நவம்பர்ல உச்சநீதிமன்றம் வேலை நீக்கம் சரிதான்னு சொன்னதோட நிக்கலை. பஸ் ஸ்டாண்டுல மஃப்டி பெண் போலீஸ், கேமரா, கல்வி நிலையத் தலைவர்களோட பொறுப்புன்னு வரிசையா உத்தரவு போட்டது.

பிறகு 2013ல பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். அதை ஒட்டி 2015ல பல்கலைக்கழக மானியக் குழு விதிகள். உள்ளகப் புகார் குழு கட்டாயம். மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா குழுவுல 3 மாணவர்கள் இருக்கணும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் மாதிரி அதிகாரத்துல இருக்கிறவங்க உறுப்பினரா இருக்கக் கூடாது. 3 மாசத்துக்குள்ள புகார், 90 நாள்ல விசாரணை.

2024 டிசம்பர் அண்ணா பல்கலைக்கழகச் சம்பவம் எல்லாருக்கும் தெரியும். அந்த மாணவி தைரியமாப் புகார் கொடுத்தார். அவர் விவரத்தோட முதல் தகவல் அறிக்கை வெளியே கசிஞ்சது. காப்பாத்த வேண்டிய காகிதமே காட்டிக் கொடுத்தது. உயர்நீதிமன்றம் தலையிட்டு, பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழு அமைச்சு, 25 லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது. 2 ஜூன் 2025ல தண்டனை: ஆயுள் சிறை, குறைஞ்சது 30 வருஷம் வெளியே வர முடியாது.

போன மாசம் தேனியில படிக்கிற அக்கா பொண்ணுகிட்ட, "உங்க காலேஜ்ல புகார் குழு இருக்கா?"ன்னு கேட்டேன். "போர்டு இருக்கு மாமா. அதுல பேர் இருக்கிற மேடம் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னா. அவளும் தோழிகளும் சேர்ந்து, விதிகளைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்திருக்காங்க. போர்டுல இப்ப புதுப் பேர், போன் நம்பர். பெரிய புரட்சி இல்லைதான். ஆனா பன்வாரி தேவிக்காகக் கோர்ட் ஏறினவங்க செஞ்சதும் இதே மாதிரிக் கேள்வி கேட்டதுதானே?

எங்க தெருப் பொண்ணை இப்பவும் உழவர் சந்தையில பார்ப்பேன். 'அன்னைக்கு நானும் சிரிச்சேன், தப்புதான்'னு சொல்ல இன்னும் வாய் வரலை.

உங்க ஊர்க் காலேஜ்ல போர்டு இருக்கா? அதுல இருக்கிற பேர் உயிரோட இருக்கா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க மக்களே.