திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு

விழுப்புரத்துல இருந்து சென்னைக்கு ரயில்ல போறவங்களுக்குத் திண்டிவனம் வழியில வர்ற ஒரு ஸ்டேஷன். எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே 1890-ல நடந்த ஒரு ராத்திரி ஞாபகத்துக்கு வரும்.

ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் மிஷனரி டாக்டர்கள். இவருக்கோ அந்த வாழ்க்கையே வேண்டாம். அமெரிக்காவில் படிப்பை முடித்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்திருந்தார்.

அன்று ராத்திரி ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். 'நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார்' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இங்கதான் எனக்கு ஒரு யூத அறிஞர் நினைவுக்கு வர்றார். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ். அவரும் ஒரு மருத்துவர். மனம் மாறுவதை யூதர்கள் 'தெஷுவா' என்பார்கள். எபிரேய மொழியில் அதற்குத் 'திரும்புதல்' என்று அர்த்தம். வருத்தப்பட்டால் மட்டும் போதாது என்கிறார் அவர். தவறிய அதே சூழ்நிலை மறுபடியும் வரணும், அப்போ நீங்க வேற மாதிரி நடக்கணும். அதுதான் முழுமையான தெஷுவா.

ஐடா கிறிஸ்தவர். அன்று அவர் செய்தது பாவமும் இல்லை. உண்மையிலேயே அவருக்கு வைத்தியம் தெரியாது. ஆனாலும் அந்த அளவுகோல் இவருக்குப் பொருந்துதுன்னு நான் நினைக்கிறேன். மனசு மாறினது ஒரே ராத்திரியில. ஆனா, அந்தக் கதவு மறுபடி தட்டப்பட்டால் 'வர்றேன்' என்று சொல்வதற்கு அவருக்குப் பத்து வருஷம் ஆச்சு. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை வந்தது. தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

அந்த மூணு உயிர் திரும்பல. தெஷுவா இறந்த காலத்தை மாத்தாது. அடுத்து வந்து கதவைத் தட்டுறவருக்குக் கிடைக்கிற பதிலை மாத்தும்.

நீங்க ஒருமுறை 'என்னால முடியாது'ன்னு திருப்பி அனுப்பின ஒருத்தர் நாளைக்கே மறுபடி வந்தா, அதுக்குள்ள உங்களால என்ன கத்துக்க முடியும்? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.