மருவும் மருவல்லாததும்

பாலிகஞ்சில் குடியிருக்கும் நம்மவர் வீட்டில் ஒரு பிள்ளையின் விரலில் மரு தோன்றினால், பாட்டிமார் குதிரைவால் மயிரைக் கட்டச் சொல்லுவர். ஊருக்குப் போகும்போது வைத்தீசுவரன் கோயிலில் உப்பும் மிளகும் செலுத்துவதாக நேர்ந்துகொள்வர். சில மாதங்களில் மரு மறைந்தும் போகும். இந்த எளிய நோய்க்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு. அதை அடுத்து எழுந்த வேறொரு சரித்திரம் நாம் வாழும் கொல்கத்தா நகரிலேயே தொடங்கியது.

சுசுருத சம்ஹிதை இத்தகைய முளையைச் சர்மகீலம் என்கிறது. தோலில் அறைந்த முளை என்பது அதன் பொருள். உரோம நாட்டுச் செல்சஸ், முதல் நூற்றாண்டிலேயே மருக்களை வகைப்படுத்தி, ஒரு வகைக்குக் கிரேக்கர் எறும்பின் பெயரை இட்டிருந்ததைக் குறித்துவைத்தார். ஆயினும் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1907இல் இத்தாலிய மருத்துவர் சியூஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாவும் நுழைய இயலாத வடிகட்டியில் வடித்து, அச்சாற்றைத் தோலில் செலுத்தினார். அங்கே மரு முளைத்தது. ஆகவே மருவை உண்டாக்குவது பாக்டீரியாவினும் சிறிய வைரஸ் என்பது புலனாயிற்று. 1949இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் துகள்களையும் கண்டனர். இவ்வைரஸில் இன்று இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

உடலின் எதிர்ப்புச் சக்தி இவ்வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் மரு தானே உதிர்கிறது. பிள்ளைகளின் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரண்டாண்டுக்குள் இவ்வாறு மறைந்துவிடும். நேர்த்திக்கடனும் மயிர்க்கட்டும் பெற்ற புகழில் பெரும்பகுதி இவ்வியற்கைக்கே உரியது.

மருவை அறிவது எவ்வாறு? அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். தோலின் இயல்பான ரேகைகள் அதன்மீது தொடராமல் விலகிச் செல்லும். உள்ளே கரும்புள்ளிகள் தெரியலாம். அவை வேரல்ல, இரத்தம் உறைந்த நுண்குழாய்களே. பாதத்து மருவைப் பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். கால் ஆணியோ நேராக அழுத்தினால் வலிக்கும்.

இனி நம் நகரத்துச் செய்திக்கு வருவோம். சித்தரஞ்சன் அவென்யூவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு 1983இல் நோயாளிகள் சிலர் வந்தனர். அவர்கள் 24 பர்கனா மாவட்டத்துக் கிராமத்தார். இத்தகையோரின் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் மருவை ஒத்த கடினமான மணிகள் எழும்பும். மார்பில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள் காணப்படும். தோல் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹா அது மருவன்று, ஆர்சனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். நஞ்சு வந்த வழி குழாய்க் கிணற்றுத் தண்ணீர். குளத்து நீரால் வரும் காலராவினின்று மக்களைக் காக்கவே அக்கிணறுகள் தோண்டப்பட்டிருந்தன. நிலத்தடியில் இயற்கையாகவே படிந்திருந்த ஆர்சனிக் அந்நீரில் கலந்திருந்தது. பின்னர் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்கரவர்த்தியும் அவருடன் உழைத்தோரும் ஊர் ஊராக நீரைச் சோதித்து, நதியா, முர்ஷிதாபாத், மால்தா முதலிய மாவட்டங்களிலும் இக்கேடு பரவியிருப்பதை உலகறியச் செய்தனர்.

மரு பெரும்பாலும் தீங்கற்றது. ஆர்சனிக் மணிகளோ ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றுநோயாக மாறக்கூடும். மருந்து பூசிப் பயனில்லை. முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கண்ணுக்கோ நாவுக்கோ அது புலப்படாது. நீரைக் காய்ச்சினாலும் நீங்காது.

ஆகவே நேயர்களே, விரலில் ஒன்றிரண்டு மரு கண்டால் அஞ்ச வேண்டா. பிளேடால் அறுக்கவும் வேண்டா. ஆனால் இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒருசேர மணிகள் எழுந்தால், மருத்துவரிடம் தாமதியாது செல்லுங்கள். தொழில் நிமித்தம் மாவட்டங்களில் தங்கியவராயின், எந்தக் கிணற்று நீரை எத்தனை ஆண்டு பருகினீர்கள் என்பதையும் அவரிடம் மறவாது சொல்லுங்கள்.