74 பல்புகளில் பிறந்த பிரபஞ்சம்

ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் எரிக் ஹோம்பெர்க் என்ற வானியலாளருக்கு ஒரு சந்தேகம். இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு நட்சத்திரத்தையும் மற்ற எல்லா நட்சத்திரங்களும் இழுக்கும். அந்தக் கணக்கைக் கையால் போட ஆயுசு போதாது. யோசித்துக்கொண்டே இருந்தவருக்குப் பொறி தட்டியது: தூரம் இரட்டிப்பானால் ஈர்ப்பு விசை நாலில் ஒரு பங்காகும். விளக்கின் வெளிச்சமும் அப்படியேதான் குறைகிறது!

ஒரு கேலக்ஸிக்கு 37 பல்புகள், மொத்தம் 74. ஒரு பல்பு இருக்கும் இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து, மற்ற பல்புகளின் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று அளந்தார். அதுதான் ஈர்ப்பு விசை. அதற்கேற்ப பல்பை நகர்த்தினார். பிறகு அடுத்த பல்பு. இப்படியே, அலுக்காமல். கடலில் ஓதம் எழுவதுபோல பல்புக் கூட்டங்களிலிருந்து கைகள் நீண்டன. 1941இல் முடிவை வெளியிட்டார். ஆனால் அவருடைய பல்புகளுக்கு ஒரு குறை இருந்தது. அவற்றுக்கு வயதாகவில்லை.

நட்சத்திரத்துக்கு வயதாகும் என்பதைப் பிடித்துக்கொண்டவர், நியூசிலாந்தில் வளர்ந்த பியாட்ரிஸ் டின்ஸ்லி. கணவரின் வேலைக்காக 1963இல் அமெரிக்காவின் டல்லஸ் நகருக்கு வந்தவர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அவருடைய கணினி நிரலில் வாயு நட்சத்திரமாகும். பெரிய நட்சத்திரம் சீக்கிரமே வெடிக்கும். அதன் சாம்பல் வாயுவோடு கலந்து அடுத்த தலைமுறைக்கு விதையாகும். ஹீலியத்தைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘உலோகம்’. ஆக்சிஜனும் அதில் சேர்த்தி. வேதியியல் வாத்தியார் கேட்டால் காதைத் திருகுவார்! அந்த உலோகம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறுவதையும், கேலக்ஸியின் நிறமும் பிரகாசமும் மாறுவதையும் 1968இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டினார். சும்மா இருந்த சங்கை ஊதிய மாதிரி ஆயிற்று.

காரணம், ஆலன் சாண்டேஜ். பிரபஞ்ச விரிவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டிருந்த பெரும்புள்ளி. தொலைதூர ராட்சத கேலக்ஸிகளின் பிரகாசம் பெரிதாக மாறுவதில்லை என்பது அவருடைய அளவுகோலுக்கு அடித்தளம். டின்ஸ்லியின் கணக்கு அந்த அடித்தளத்தையே ஆட்டியது. பெரியவர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. டல்லஸில் டின்ஸ்லிக்கு நிலையான இடமும் கிடைக்கவில்லை.

எஸ்டோனியாவில் பிறந்த ஆலார், யூரி டூம்ரே சகோதரர்கள் 1972இல் ஹோம்பெர்கின் மோதலைக் கணினியில் நடத்தினார்கள். வானத்தில் தெரியும் விசித்திர வால் முளைத்த கேலக்ஸிகள் அச்சு அசலாகத் திரையில் வந்தன. ஒரு பக்கம் மோதல், இன்னொரு பக்கம் சாம்பல். இரண்டும் 1977இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் சந்தித்தன. கூட்டியவர்களில் ஒருவர், அதற்குள் யேலுக்கு வந்துவிட்ட டின்ஸ்லி. மோதலில் நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறப்பதை நிறத்தைக்கொண்டே சக வானியலாளர் லார்சனுடன் சேர்ந்து அவர் காட்டினார். 1978இல் பேராசிரியர் பதவி. 1981 மார்ச்சில், தோல் புற்றுநோய்க்கு 40 வயதிலேயே பலியானார்.

பின்னால் வந்தவர்கள் வாயுவையும் கணினிக்குள் ஊற்றினார்கள். அங்கேதான் வினை. வாயு மளமளவென்று குளிர்ந்து மையத்தில் குவிந்தது, நட்சத்திரங்கள் அளவுக்குமீறிப் பிறந்தன. நம் பால்வீதி போன்ற அகன்ற தட்டு வரவேண்டிய இடத்தில் குட்டையும் தடியுமாக ஏதோ ஒன்று வந்து நின்றது. நட்சத்திர வெடிப்பின் வெப்பத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாயுவைக் கிளறுவதற்குள் அது வீணாகிப் போனது. வருடக்கணக்கில் இதே கதை.

2011இல் ‘எரிஸ்’ என்ற கணினி கேலக்ஸியை உருவாக்கிய குழுவினர் கஞ்சத்தனத்தைக் கையாண்டார்கள். மிக அடர்ந்த வாயுவில் மட்டுமே நட்சத்திரம் பிறக்கலாம் என்று விதி வைத்தார்கள். வெடிப்புகள் ஒரே இடத்தில் கூடி, வாயுவை வெளியே தள்ளின. நாசாவின் சூப்பர் கம்ப்யூட்டரில் 14 லட்சம் பிராசஸர் மணிநேரம் ஓடிய பிறகு, சுழல் கைகளோடு ஒரு பால்வீதி எழுந்தது. ஒற்றைக் கேலக்ஸிதான்.

2014இல் வந்தது ‘இலஸ்ட்ரிஸ்’ என்ற கணினிப் பிரபஞ்சம். 8,192 கம்ப்யூட்டர் கோர்கள். ஒற்றைக் கோரிடம் கொடுத்திருந்தால் 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். ஹைட்ரஜன் முதல் இரும்பு வரை 9 தனிமங்கள் எங்கே பிறந்தன, எங்கே பரவின என்ற கணக்கும் கூடவே ஓடியது. ஹப்பிள் தொலைநோக்கியின் ஆழ்வானப் படத்தையும் இந்தக் கணினி வானத்தையும் பாதிப் பாதியாக ஒட்டி வெளியிட்டார்கள். எந்தப் பாதி நிஜம் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தவர்கள் ஒரு கோளாறைக் கண்டார்கள்: கணினிக்குள் இருந்த கருந்துளைகள், கேலக்ஸிக் குழுக்களின் வாயுவை அளவுக்கு அதிகமாக ஊதித் தள்ளியிருந்தன. விதிகளைத் திருத்தி, அடுத்த பிரபஞ்சத்தை ஓடவிட்டார்கள்.