கிர்கிஸ்தானில் அதிபர் ஆட்சியும் அரசமைப்பு நீதிமன்றமும்: 1993–2023

நடு ஆசியக் குடியரசுகள் ஐந்தில், மக்கள் கிளர்ச்சியால் அதிபர்கள் மீண்டும் மீண்டும் பதவி இழந்த நாடு கிர்கிஸ்தான். 2005இல் அஸ்கர் அகாயேவ், 2010இல் குர்மான்பெக் பாகியேவ், 2020இல் சூரோன்பாய் ஜேன்பெகோவ் என மூவர் அவ்வாறு வீழ்ந்தனர். இந்த வரலாற்றை அதிபருக்கும் ‘ஜோகோர்கு கெனேஷ்’ எனப்படும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான இழுபறியாகப் பார்ப்பதே வழக்கம். அந்தப் பார்வை போதாது என்பது என் கருத்து. இழுபறி முற்றிய ஒவ்வொரு முறையும் வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒவ்வொரு முறையும் தீர்ப்பு ஆட்சியில் இருந்தவருக்கே வழிவிட்டது.

விடுதலைக்குப் பிந்தைய முதல் அரசமைப்பு 1993 மே 5 அன்று நிறைவேறியது. அதிபர் இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து பதவி வகிக்கக் கூடாது என்பது அதன் விதி. இயற்பியல் அறிஞரான அகாயேவ் அப்போது மக்களாட்சியின் நம்பிக்கையாக மேலை நாடுகளில் பாராட்டப்பட்டார். ஆனால் 1994, 1996, 1998, 2003 என்று பொதுவாக்கெடுப்புகளை அடுக்கடுக்காக நடத்தினார். நாடாளுமன்றம் ஓரவையிலிருந்து ஈரவையாகி, பின்னர் 75 இடங்கள் கொண்ட ஓரவைக்கே திரும்பியது.

இத்திருத்தங்கள் எல்லாவற்றையும்விட 1998 ஜூலையில் வந்த ஒரு தீர்ப்பு முக்கியமானது. அகாயேவ் 1991இலும் 1995இலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1991 தேர்தல் புதிய அரசமைப்புக்கு முந்தையது. ஆகவே 1995இல் தொடங்கியதே அவருடைய முதல் பதவிக்காலம் என்று நீதிமன்றம் கணக்கிட்டது. 2000இல் அவர் மீண்டும் வென்றார். அரசமைப்பின் ஒரு சொல்லும் மாறாமலே அதன் வரம்பு தளர்ந்துபோனது. 2005 மார்ச் 24 அன்று மக்கள் அரசு மாளிகைக்குள் நுழைந்தபோது, அந்த நீட்டிப்பினால் கிடைத்த காலமே ஓடிக்கொண்டிருந்தது.

பாகியேவ் காலத்தில் இதே வேலை இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2006 நவம்பரில் தலைநகர் பிஷ்கெக்கில் எதிர்க்கட்சிகள் திரண்டு போராடியதால், அதிகாரத்தைக் குறைக்கும் புதிய அரசமைப்பில் அவர் கையெழுத்திட்டார். டிசம்பர் இறுதியிலேயே அது திருத்தப்பட்டு, இழந்ததில் பெரும்பகுதி அவருக்குத் திரும்பியது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் இரண்டு வடிவங்களையுமே செல்லாதவை என்றது. நடைமுறைக் குறைகளைச் சுட்டிய அந்தத் தீர்ப்புக்குச் சட்ட அடிப்படை இருந்தது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதன் பயன் யாருக்குப் போனது? அடுத்த மாதமே பாகியேவ் தம் வரைவைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். டிசம்பர் தேர்தலில் அவருடைய ‘அக் ஜோல்’ கட்சி 90 இடங்களில் 71ஐப் பிடித்தது.

2010 ஏப்ரலில் அவர் தப்பியோடியதும், ரோசா ஒதுன்பாயேவா தலைமையிலான இடைக்கால அரசு அரசமைப்பு நீதிமன்றத்தையே கலைத்தது. அந்தச் சினம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஜூன் 27 பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசமைப்பு, நடு ஆசியாவில் முன்னில்லாத கட்டுப்பாடுகளைக் கொண்டிருந்தது: அதிபருக்கு ஆறாண்டுகள் கொண்ட ஒரே பதவிக்காலம், 120 இடங்களில் எந்தக் கட்சிக்கும் 65க்கு மேல் கிடையாது. இவ்வளவு கவனமாக எழுதியவர்கள் நீதித்துறையில் மட்டும் தவறினார்கள். அரசமைப்பைக் காக்கும் பொறுப்பு, உச்ச நீதிமன்றத்தின் ஒரு பிரிவுக்குச் சுருங்கியது. பாதுகாப்புத் துறைத் தலைவர்களை நியமிக்கும் அதிகாரம் அதிபரிடமே தங்கியது. நாடாளுமன்ற ஆட்சிக்கு வலுவான நடுவர் இன்றியமையாதவர். அந்த நடுவரையே அவர்கள் வலுவிழக்கச் செய்தது இந்த அரசமைப்பின் ஆழமான குறை.

அதன் விளைவு 2020இல் தெரிந்தது. அக்டோபர் 4 தேர்தல் முறைகேட்டுப் புகார்களால் செல்லாததானது, ஜேன்பெகோவ் விலகினார், சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட சாதிர் ஜபாரோவ் ஆட்சிப் பொறுப்பேற்றார். பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த பழைய நாடாளுமன்றம் மறுதேர்தலைத் தள்ளிவைத்து, அரசமைப்பு மாற்றத்துக்கும் கதவைத் திறந்தது. அத்தகைய அவை அன்றாட அலுவல்களைத் தாண்டி அடிப்படை மாற்றங்களில் இறங்கலாகாது என ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணையம் கருத்துரைத்தது. அரசமைப்புப் பிரிவோ டிசம்பரில் தள்ளிவைப்பை ஏற்றது. 2021 ஜனவரியில் ஜபாரோவ் அதிபரானார். ஏப்ரலில், வாக்காளரில் ஐவரில் இருவர்கூட வராத பொதுவாக்கெடுப்பில், அதிபரே செயலாட்சித் தலைவராகும் புதிய அரசமைப்பு நிறைவேறியது. ஐந்தாண்டுகள் கொண்ட இரண்டு பதவிக்காலங்களுக்கு அதிபருக்கு வழி கிடைத்தது. நாடாளுமன்றம் 90 இடங்களுக்குச் சுருங்கியது.

அதே அரசமைப்பு, தனி அரசமைப்பு நீதிமன்றத்தை மீட்டுத் தந்தது. 2023இல் அது துணிந்து ஒரு தீர்ப்பு வழங்கியது: வயது வந்தோர் விரும்பினால் தந்தைவழிப் பெயருக்குப் பதிலாகத் தாய்வழிப் பெயரைச் சூடலாம். அதிபர் வெளிப்படையாக எதிர்த்தார். ஒழுக்க விழுமியங்களுக்கு மாறான தீர்ப்புகளை மறுஆய்வு செய்ய வழிவகுக்கும் சட்டத்திருத்தம் அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே நீக்கியது.