மறைப்பும் வழிவிடலும்: பனிப்போரில் நேரடிப் போர் தவிர்க்கப்பட்ட விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1991இல் சோவியத் ஒன்றியம் கலையும் வரை, அமெரிக்காவும் அதுவும் ஒன்றன்மீது ஒன்று போர் தொடுக்கவில்லை. அணுகுண்டு அச்சமே காரணம் என்பது பரவலான விளக்கம். அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் அதை வலுவாக முன்வைத்தார். 1986இல் இக்காலத்தை 'நீண்ட அமைதி' என்று குறித்த வரலாற்றாசிரியர் ஜான் லூயிஸ் காடிஸ், இருதுருவ அமைப்பு, உளவுச் செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் பங்கையும் சுட்டினார். ஆனால் அச்சம், போரை ஏன் விரும்பவில்லை என்பதை மட்டுமே விளக்கும். மோதல் மூண்ட பிறகும் அது போராக முற்றாததற்கு, எதிரி மானம் கெடாமல் பின்வாங்க இரு தரப்பும் வழிவிட்டதே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொரியப் போர் இதற்கு முதற்சான்று. 1950 நவம்பர் முதல் சோவியத் விமானிகள் மிக்-15 விமானங்களில் அமெரிக்க விமானிகளோடு நேரடியாகப் பொருதினர். விமானங்களில் சீன, வடகொரிய அடையாளங்கள் தீட்டப்பட்டன. விமானிகள் சீனச் சீருடை அணிந்தனர். எவரும் உயிரோடு பிடிபட்டுவிடக் கூடாதென்று, கடலுக்கு மேலும் போர்முனைக்கு அருகிலும் பறக்கத் தடை இருந்தது. வானலைகளில் ரஷ்யப் பேச்சைக் கேட்ட அமெரிக்கத் தரப்புக்கு உண்மை தெரியும். வெளியிட்டால் பதிலடி கேட்டு உள்நாட்டில் எழும் நெருக்கடியைத் தாங்க முடியாதென்று வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. ஆஸ்டின் கார்சனின் 2018ஆம் ஆண்டு நூல் இந்த இருதரப்பு மௌனத்தை விரிவாக ஆராய்கிறது. இங்கே காலவரிசை முக்கியம். சோவியத்தின் முதல் அணுச்சோதனை நடந்தது 1949 ஆகஸ்டில்தான். இருவரும் ஒருங்கே அழியும் நிலை வருமுன்பே இக்கட்டுப்பாடு வந்துவிட்டது.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டதால் எழுந்த நெருக்கடியும் இவ்வழியில்தான் தீர்ந்தது. 1962 அக்டோபர் 27 அன்று அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தொப்ரீனினைச் சந்தித்து, துருக்கியிலிருந்த ஜூபிடர் ஏவுகணைகள் அகற்றப்படும், ஆனால் அது வெளியே தெரியக் கூடாது என்றார். சோவியத் தலைவர் குருஷ்சேவ் இசைந்தார். 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. மறைப்புக்கு விலையும் உண்டு. பேரம் தெரியாத அமெரிக்கர்கள், உறுதி காட்டினாலே எதிரி பணிவான் என்ற தவறான பாடத்தைப் படித்தனர்.

அதிர்ஷ்டமே காத்தது என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. அதே 27ஆம் தேதி, சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியில் அணு டார்பிடோவை ஏவும் எண்ணத்தை அதிலிருந்த அதிகாரி வாசிலி அர்கிப்போவ் தடுத்தார் என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் பின்னர் கூறியுள்ளார். மேலிடத்துப் பேரம் கடலடியில் இருப்பவரை எட்டாது. நெருக்கடிக்குப் பின் 1963இல் இரு தலைநகரங்களுக்கிடையே நேரடித் தொலையச்சு இணைப்பு அமைந்தது. 1972இல் போர்க்கப்பல்கள் நெருங்கி மோதுவதைத் தவிர்க்கும் கடற்சம்பவ உடன்பாடு கையெழுத்தானது. மௌனமாகக் கடைப்பிடித்தவற்றில் சில எழுத்தில் ஏறின.

இதை 'அமைதி' என்பதும் முழு உண்மையாகாது. கொரியாவிலும் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும் மாண்ட லட்சக்கணக்கானோர் அந்தப் பெயருக்கு வெளியே நிற்கின்றனர். வல்லரசுகள் தவிர்த்தது தமக்கிடையிலான போரை மட்டுமே.

வணிகச் செயற்கைக்கோள்களும் கைப்பேசிக் கேமராக்களும் நிறைந்த இன்று, கொரிய வானில் நடந்ததைப் போல ஒரு மோதலை மூடிவைப்பது கடினம். எஞ்சியிருப்பது எழுதிய விதிகள்தான். அவற்றுள் ஒன்றான 1987ஆம் ஆண்டின் நடுத்தரத் தொலைவு ஏவுகணை ஒப்பந்தம் 2019இல் முடிவுக்கு வந்தது. மறைப்புக்கு இடமில்லாத காலத்தில் விதிகளையும் கைவிடுவது, பனிப்போரில் போரைத் தடுத்த இரு வழிகளையும் ஒருசேர இழப்பதாகும்.