சுல்தானும் உபதேசியாரும்

கத்தோலிக்கக் கிறிஸ்தவத்துக்குப் போப்பாண்டவர் உண்டு, இஸ்லாத்துக்கு அப்படி ஒருவர் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உலக அளவில் அது சரி. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பார்த்தால் ஏறக்குறைய தலைகீழ். குருமார் வரிசை இல்லாத மதம் இங்கே அரண்மனையோடும் அரசு அலுவலகத்தோடும் பிணைந்திருக்கிறது. ரோமாபுரிவரை அதிகார வரிசை உள்ள திருச்சபையோ, கூலிம், பாடாங் செராய் பக்கத் தோட்டங்களில் குருப்பட்டம் பெறாத உபதேசியாரை நம்பியே நடந்தது.

‘ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா’ கெடா அரசவம்சத்தின் கதை. புராணம் கலந்தது; ஆண்டுக்கணக்குக்கு அதை நம்ப முடியாது. ஆனால் அதிகாரத்தைப் பற்றி அக்காலத்தவர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஷேக் அப்துல்லாவின் போதனையால் அரசன் முதலில் இஸ்லாத்தை ஏற்கிறான், சுல்தான் முசபர் ஷா ஆகிறான், பிறகே குடிகள். பின்னர் அச்சேயிலிருந்து ‘சிராத்துல் முஸ்தகீம்’ வந்து சேர்கிறது. குஜராத்தின் ராந்தேரில் பிறந்த நூருத்தீன் அர்ரானீரி மலாயில் எழுதிய வழிபாட்டுச் சட்ட நூல் அது. உளூ, அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவித் தூய்மை செய்வது எப்படி, தொழுவது எப்படி என்று அன்றாடத்துக்குச் சொல்வது. குர்ஆனின் தலைமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண விவசாயிக்கு அது இத்தகைய கிதாபு எனும் மார்க்க நூல் வழியாகவும், கிதாபைப் படித்துக்காட்டும் ஆலிம் எனும் மார்க்க அறிஞர் வழியாகவும், அவருக்குப் பின்னால் நின்ற அரசன் வழியாகவுமே எட்டியது.

அரசும் மதமும் இப்படிப் பிணைந்திருப்பது ஆங்கிலேயர் கட்டிய ஏற்பாடு என்று ஒரு மறுப்பு உண்டு. பாதி உண்மை. 1909இல் சயாமிடமிருந்து கெடா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1923 ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் ஆலோசகர் தலையிடக்கூடாதவை மலாய் வழக்கமும் இஸ்லாமும். மற்றதெல்லாம் கைவிட்டுப் போனபின் சுல்தானிடம் எஞ்சியது மதம். எஞ்சியது இறுகத்தானே செய்யும்? ஆனாலும் 17ஆம் நூற்றாண்டுக் கெடாச் சட்டங்களிலேயே அரசும் மதமும் கலந்திருந்தன. ஆங்கிலேயர் புதிதாகப் படைக்கவில்லை; இருந்ததை ஒரு துறைக்குள் அடைத்தார்கள்.

திருச்சபையின் கதை வேறு. சயாமிலிருந்து வெளியேற்றப்பட்ட பாரிஸ் மிஷன் குரு கார்னோ, குவாலா கெடாவில் சிறு கத்தோலிக்கக் கூட்டத்தோடு இருந்தார். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைப் பிடித்ததும் அங்கே போய்விட்டார். கெடாவில் ஆயரின் இருப்பிடம் இல்லை. பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு லத்தீன் பூசை எப்போதாவதுதான். மற்ற நாட்களில் ஜெபமாலையைத் தொடங்கி வைத்ததும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசக் கேள்வி-பதிலை மனப்பாடமாக்கியதும், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்ததும் உபதேசியார்தான். அவர் அதிகாரம் ஆயரிடம் கடன் வாங்கியது என்பார்கள். ஏட்டில் அப்படித்தான். ஆனால் தோட்ட லயத்துக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை ‘இது பாவம்’ என்று அறிந்தது ஆயரின் சுற்றறிக்கையிலிருந்து அல்ல. வேதாகமம் மட்டுமே போதும் என்ற புராட்டஸ்டன்டுகளிடமும், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அந்த வேதத்தை வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

1957 அரசியலமைப்பு இந்த வேறுபாட்டைச் சட்டமாக்கியது. மாநிலத்தில் இஸ்லாத்தின் தலைவர் சுல்தான். வேலூர் மதரசாவில் ஓதித் தேர்ந்த தமிழ் ஆலிமானாலும் இங்கே மார்க்கம் போதிக்க மாநிலத்தின் தவ்லியா, அதாவது அனுமதி, வேண்டும். உபதேசியாருக்கு அத்தகைய அரசு அனுமதி கிடையாது, தேவையுமில்லை. ஆனால் அவர் குரல் எங்கே நிற்க வேண்டும் என்பதை 1988ஆம் ஆண்டுக் கெடாச் சட்டம் சொல்கிறது: முஸ்லிம்களிடம் பிற மதத்தைப் பரப்புவது குற்றம்.