சீட்டுக்கு அடியில ஒரு குட்டிப் பை

இந்த வாரம் பேசப்போறது ரோடு பைக் சீட்டுக்கு அடியில தொங்குமே, அந்தக் குட்டிப் பையைப் பத்தி. திண்டிவனத்துல இருந்து வல்லம் வழியா செஞ்சிக்கு சைக்கிள் மிதிக்கிறவங்க எல்லாருக்கும் வர்ற கேள்விதான்: ரிப்பேர் சாமான் எவ்வளவு எடுத்துட்டுப் போறது? (தஞ்சாவூர்ப் பக்கமும் ஒரு வல்லம் இருக்கு. நான் சொல்றது செஞ்சிப் பக்கத்து வல்லம்.) கேள்வி சின்னதுதான், ஆனா அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

1888-ல டன்லப் காத்தடைச்ச டயரைக் கொண்டுவந்தார். சவாரி சொகுசாச்சு, கூடவே பஞ்சரும் வந்தது. ஆரம்பத்துல டயரை ரிம்மோட ஒட்டியே வெச்சிருந்தாங்க, பிரிச்சு ஒட்ட மணிக்கணக்காகும். 1891-ல மிஷ்லின் சகோதரர்கள் கழட்டி மாட்டுற டயரைக் கொண்டுவந்தாங்க. அதே வருஷம் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில அந்த டயரோட போன ஷார்ல் தெரோன் ஜெயிச்சார். வழியில நின்னு நாமே சரிபண்ணிக்கலாம்கிற நிலைமை அங்கதான் தொடங்குது.

தொடங்கினதும் அதையே சட்டமாக்கிட்டாங்க. அப்போதைய டூர் டி பிரான்ஸ்ல உடைஞ்சதை ஓட்டறவரே சரிபண்ணணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது. 1913-ல யூஜீன் கிறிஸ்டோஃப்னு ஒருத்தர் டூர்மாலே மலையில இறங்கும்போது அவர் சைக்கிளோட முன் ஃபோர்க் உடைஞ்சுபோச்சு. மனுஷன் சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு 10 கிலோமீட்டருக்கும் மேல நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடிச்சு ஒட்டினார். நடுவர்கள் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. கை ரெண்டும் வேலையில இருந்ததால ஒரு பையன் துருத்தி ஊதிக் கொடுத்தான். அதுக்கு அபராதம்! முதல்ல 10 நிமிஷம்னு போட்டு, அப்புறம் 3 நிமிஷமாக் குறைச்சாங்க. பட்டறையையும் நெருப்பையும் கடன் வாங்கலாம், ஒரு சின்னப் பையனோட கையை வாங்கக் கூடாதாம். எனக்கு இன்னிக்கும் இது அநியாயமாத்தான் படுது.

நம்ம ஊர் கதை நேர் எதிர். 1949-ல தொடங்கின அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்ல இருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டியை எடுத்துக்கோங்க. ஓட்டினவங்கள்ல எத்தனை பேர் ஸ்பேனர் எடுத்துட்டுப் போனாங்க? தேவையே இல்ல. மரத்தடியில ஒரு தண்ணித் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன், பழைய டியூப்ல வெட்டின பேட்ச், கைப் பம்பு. நமக்கான டூல் கிட்டை ஊர்தான் வெச்சிருந்தது. 1990-களோட தொடக்கத்துல புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டு தனியா வெளியூர் போய் வந்ததும், 2001-ல தொடங்கின இலவச சைக்கிள் திட்டத்துல கிராமத்துப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனதும் இந்தக் கடைகளை நம்பித்தான்னு நான் நினைக்கிறேன்.

பிரச்சினை என்னன்னா, அந்தக் கடைக்கு ரோடு பைக் அந்நியம். கடையில இருக்கிறது 28 இஞ்ச் டியூப், அந்த ரிம் 635 மில்லிமீட்டர். நம்ம 700சி சக்கரம் 622. அந்த டியூப் நம்ம ஒல்லி டயருக்குள்ள அடங்காது. அவங்க பம்பு வால்-டியூப் போட்ட மவுத்துக்கானது, நம்மளோடது மெல்லிசான பிரெஸ்டா வால்வு.

அதனால என் கணக்கு இது: கடையில கிடைக்காததை மட்டும் சுமக்கணும். நம்ம அளவுல டியூப் ரெண்டு, ஒண்ணு சுமார் 100 கிராம். பிளாஸ்டிக் டயர் லிவர் ரெண்டு. ஆலன் கீ அடங்கின மல்டி-டூல், அதுல செயின் பின் தள்ளுற முனை கட்டாயம் இருக்கணும். உங்க செயின் 10 ஸ்பீடோ 11 ஸ்பீடோ, அதுக்கேத்த குவிக் லிங்க் ஒண்ணு. சுத்தியல் எந்தக் கடையிலும் இருக்கும், இந்த லிங்க் இருக்காது. அப்புறம் பித்தளை அடாப்டர் ஒண்ணு. சில கிராம்தான், ஆனா அதைத் திருகிட்டா பிரெஸ்டா வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி ஆயிடும். பைக் பஞ்சர் கடையில காத்து பிடிக்கலாம். முடிஞ்சா லாரி டயர் கடையாப் பாருங்க, லாரி டயருக்கே 100 பிஎஸ்ஐ-க்கு மேல அடிப்பாங்க. நமக்கு எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிடுங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கச் சொல்லுங்க.

கார்பன் டை ஆக்சைடு குப்பி? ரேஸுக்கு நல்லது, நொடியில நிரம்பிடும். ஆனா ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான், தீர்ந்துட்டா வல்லத்துல எங்க தேடுவீங்க? நான் கைப் பம்புதான் எடுத்துப்பேன்.

எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கின கோட்டை செஞ்சி, 1690-லிருந்து 1698 வரைக்கும். அதுக்கு நெற்களஞ்சியம் வேணும். நமக்கு அரை கிலோ போதும், ஏன்னா நம்மைச் சுத்தி முற்றுகை இல்ல, கடைங்கதான் இருக்கு. 200 கிலோமீட்டர் பிரெவேயில கூட, பின்னாடியே உதவி வண்டி வரக்கூடாதுன்னுதான் விதி, 13.5 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்.

பஞ்சரானா புது டியூபை அவசரமா மாட்டிடாதீங்க. இந்தப் பக்கம் ரோட்டோரமெல்லாம் சீமைக் கருவேலம். ஒரு துணியை டயருக்குள்ள சுத்தித் தடவிப் பாருங்க, முள் துணியில மாட்டும். அதைப் பிடுங்கிட்டு அப்புறம் மாட்டுங்க. இல்லன்னா பத்து நிமிஷத்துல ரெண்டாவது டியூபும் போயிடும்.